மாதக் கணக்கில் உங்கள் பெயருக்கு ஒரு வரி: முப்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்துப் பாருங்கள். வாடகை, பால், மளிகை, கரண்டு பில், ஸ்கூல் ஃபீஸ், நகைச் சீட்டு, வண்டித் தவணை, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பும் தொகை, இந்த மாதம் வந்த மூன்று கல்யாணங்களுக்கு மொய். எல்லாருக்கும் ஒரு வரி இருக்கும். சம்பாதிப்பவருக்கும் சமைப்பவருக்கும் மட்டும் இருக்காது. பல்வலி பொறுக்க முடியாமல் போன மாதத்திலோ, தலைசுற்றி விழுந்த மாதத்திலோ ‘ஆஸ்பத்திரிச் செலவு’ என்று ஒரு பெரிய தொகை நுழையும். அடுத்த மாதம் அந்த வரியும் மறைந்துவிடும்.

விடுபட்ட அந்த வரியை எழுத வைப்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. முப்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்துக்குள் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பெற்றோர், பிள்ளைகள் இரண்டு பக்கமும் பொறுப்பு இறுகும் வயது அது. உடம்பு சத்தமில்லாமல் மாறத் தொடங்கும் வயதும் அதுதான்.

எதற்கு முதலில் செலவு செய்வது என்பதில் நான் ஒரே ஒரு அளவுகோலைத்தான் வைத்திருக்கிறேன்: பிற்பாடு பணம் கொடுத்து வாங்க முடியாதது எதுவோ, அதற்கு முதலிடம். மனையைக் கடன் வாங்கியாவது ஐம்பது வயதில் வாங்கிவிடலாம். கெட்டுப்போன சிறுநீரகத்தையும், கரைந்த தசையையும், இருபது வருடம் பேசாமல் விட்ட தம்பியையும் அறுபது வயதில் எந்த விலைக்கும் பழையபடி வாங்க முடியாது. கீழே உள்ள படிகளின் வரிசை இந்த அளவுகோலிலிருந்து வந்தது.

படி 1: பணமும் நேரமும் ஒதுக்குங்கள்

மாத வருமானத்தில் 5 சதவீதத்தை வீட்டுச் செலவு தொடங்கும் முன்பே எடுத்து வையுங்கள். 30,000 ரூபாய் வருகிறது என்றால் 1,500 ரூபாய். கணவன் மனைவி என்றால் ஆளுக்குப் பாதி. சம்பளம் யார் கையில் வருகிறது என்ற கேள்வி இங்கே எழவே கூடாது. கடன் நெருக்குகிற வீடு என்றால் 2 சதவீதம் போதும். ஆனால் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டாம்.

ரத்தப் பரிசோதனை, பல் வைத்தியம், மூக்குக்கண்ணாடி, நடப்பதற்கு நல்ல ஷூ, வீட்டில் கூடுதலாக வாங்கும் முட்டை, பயறு, ஒரு பயிற்சிக்கான கட்டணம், நண்பரைப் பார்க்கப் போகும் பஸ் செலவு, இவையெல்லாம் இந்தப் பணத்தில் வரலாம். புதுப் போன், பண்டிகைத் துணி, ஓட்டல் சாப்பாடு இதில் சேராது. ஒரு மாதம் செலவாகவில்லை என்றால் தொகையை அப்படியே அடுத்த மாதத்துக்குக் கொண்டு போங்கள். பிள்ளையின் டியூஷனுக்கு அவசரம் என்று அதைத் திருப்பிவிடாதீர்கள். பெரும்பாலான வீடுகளில் இந்தத் திட்டம் உடைவது அந்த இடத்தில்தான்.

நேரத்துக்கு வருவோம். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரை மணி நேர நடை ஐந்து நாள், இருபது நிமிட வலுப்பயிற்சி இரண்டு நாள். கூட்டினால் 3 மணி 10 நிமிடம். வாரத்தில் இருப்பது 168 மணி நேரம். உடம்புக்கு மூன்று சொச்சம், மனிதர்களுக்கும் படிப்புக்கும் இரண்டு என்று ஐந்தேகால் மணி நேரத்தை ஒதுக்கினால் போதும்.

‘நேரம் கிடைக்கும்போது செய்கிறேன்’ என்று விட்டால் அந்த நேரம் வராது. ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு கோத்துவிடுங்கள். பள்ளி வேன் கிளம்பியதும் நடை. கடை ஷட்டரைத் திறப்பதற்கு முன் பயிற்சி. ஆபீஸ் பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிடுவது. அந்த அரை மணி நேரம் உங்களைக் கூப்பிட மாட்டோம் என்று வீட்டில் உள்ளவர்களைச் சொல்ல வையுங்கள்.

படி 2: அளந்து பார்த்து எழுதி வையுங்கள்

இந்தப் படிக்குத்தான் நான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் ஆண்டுக்கணக்கில் எந்த வலியும் தராமல் உள்ளே வேலை செய்பவை. அளக்காமல் தெரியவே தெரியாது.

முதல் கருவி தையல் டேப். இடுப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டபடி அளந்து பாருங்கள். நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. எடையைப் பொறுத்தவரை, உயரத்தோடு ஒப்பிட்ட பி.எம்.ஐ. (கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண்) 23-ஐத் தாண்டினாலே நமக்கு அதிக எடை; மேலைநாட்டினருக்கு அந்த எல்லை 25. கையும் காலும் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் என்ற உடல்வாகு நம்மிடம் அதிகம். அந்தக் கொழுப்பு குடலையும் ஈரலையும் சுற்றிச் சேர்வதால், இன்சுலின் தன் வேலையைச் செய்ய முடியாமல் போகிறது. ‘நான் குண்டு இல்லையே’ என்று தள்ளிப்போடுபவர்கள் கவனிக்க வேண்டிய அளவு இது.

இரண்டாவது ரத்த அழுத்தம். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு அளக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதம் தரையில் படட்டும், கை நெஞ்சின் உயரத்தில் இருக்கட்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபியோ சிகரெட்டோ கூடாது. இரண்டு முறை எடுங்கள். மாடிப்படி ஏறி வந்ததும் பட்டையைக் கட்டி எடுத்த அளவை நம்பிப் பயப்பட வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். 120/80-க்குக் கீழே இருந்தால் நல்லது. வெவ்வேறு நாட்களில் எடுத்தும் 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

மூன்றாவது சர்க்கரை. வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இயல்பு. 100 முதல் 125 வரை எச்சரிக்கைக் கட்டம். 126-ம் அதற்கு மேலும் நீரிழிவு. மூன்று மாதச் சராசரி என்று லேபில் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையில் 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை, 6.5-லிருந்து நீரிழிவு. ஒரே அளவை வைத்து முடிவுகட்டாமல் மறுபடி எடுத்து உறுதி செய்ய வேண்டும். ரத்தசோகை இருந்தால் இந்தச் சராசரி தப்பாகக் காட்டும் என்பதால் வெறும் வயிற்று அளவையும் சேர்த்தே பாருங்கள்.

எச்சரிக்கைக் கட்டம் என்று ரிப்போர்ட் வந்தால் பலர் ‘இன்னும் சுகர் வரவில்லை’ என்று மகிழ்ந்து காகிதத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. ஏனென்றால் உழைப்புக்கு மிக அதிகப் பலன் கிடைக்கும் கட்டமே அதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆதரித்து, சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையம் நடத்தி, 2023-ல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வின் மதிப்பீட்டில், இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் ஏறத்தாழ 10 கோடி. எச்சரிக்கைக் கட்டத்தில் நிற்பவர்கள் ஏறத்தாழ 13.6 கோடி. இந்த இரண்டாவது கூட்டத்தால் திரும்பி வர முடியுமா என்பதற்கும் சென்னையிலிருந்தே பதில் உண்டு. மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் எச்சரிக்கைக் கட்டத்தில் இருந்த 531 பேரைக் குழுக்களாகப் பிரித்து மூன்றாண்டு பின்தொடர்ந்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்துவிட்டது. தினமும் அரை மணி நேர வேக நடை, சர்க்கரையும் மாவும் எண்ணெயும் குறைந்த சாப்பாடு என்று மாறியவர்களில் அது 39.3 சதவீதம். 2006-ல் வந்த முடிவு இது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்த பலனும் ஏறத்தாழ இதே அளவுதான். நம் ஊர் ஆட்கள், நம் ஊர்ச் சாப்பாடு, நம் ஊர் வெயில், எல்லாவற்றோடும் சேர்ந்து கிடைத்த பலன் இது.

இவற்றோடு கொலஸ்ட்ரால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், கண், பல் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். நாற்பதுக்கு மேல் கண் மருத்துவரிடம் போகும்போது வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி வாங்குவதோடு நிறுத்தாமல் கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் மெடிக்கலில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியவை. தொடர்ந்து போடுகிறீர்கள் என்றால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

எங்கே பார்ப்பது? அழுத்தமும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து அளந்து மாத்திரையும் தருகிறார்கள். ஐம்பது அறுபது பரிசோதனைகளை ஒரே பேக்கேஜாகக் கட்டித் தரும் ‘மாஸ்டர் செக்கப்’ ஆண்டுதோறும் எல்லாருக்கும் தேவைப்படாது. முக்கியமாக, எந்த அறிகுறியும் இல்லாதவர்கள் புற்றுநோய்க் குறியீடு என்று விற்கப்படும் ரத்தப் பரிசோதனைகளை எடுத்தால் மிஞ்சுவது பெரும்பாலும் வீண் பயம்தான்.

மருத்துவர் மாத்திரை எழுதினால் போடுங்கள். அழுத்தம் 120-க்கு வந்துவிட்டது என்று பத்தாவது நாளே நிறுத்தாதீர்கள். மாத்திரை வேலை செய்வதால்தான் அது 120. நடையும் சாப்பாடும் சரியாகி அளவு தொடர்ந்து குறைந்தால், குறைக்கலாமா என்பதை எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள். எல்லா அளவுகளையும் தேதி போட்டுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். மூன்று வருட எண்கள் வரிசையாக இருக்கும் ஒரு பக்கம், எந்த மருத்துவருக்கும் புதிதாக எடுத்த ஒரு ரிப்போர்ட்டை விட அதிகம் சொல்லும்.

படி 3: முதலில் நடை, பிறகு வலு

நடை எவ்வளவு வேகம்? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மொட்டை மாடியோ பள்ளி மைதானமோ போதும். ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் 2023 நவம்பரில் தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அடையாளம் காட்டியிருக்கிறார்கள். உங்கள் மாவட்டத்தில் எங்கே என்று விசாரியுங்கள். அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்காதவர்கள் மூன்று வேளையும் சாப்பிட்ட பின் பத்துப் பத்து நிமிடம் நடக்கலாம். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அடக்குவதற்கு இது மிகவும் நல்லது.

நடை மட்டும் போதும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. போதாது. முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதுக்குப் பிறகு இந்த வேகம் கூடுகிறது. சாப்பிட்ட மாவுச்சத்து சர்க்கரையாகி ரத்தத்தில் வரும்போது அதை அதிகம் வாங்கிக்கொள்வது தசைதான். அது குறைந்தால் சர்க்கரை ரத்தத்திலேயே தங்கும். எழுபது வயதில் கழிவறையிலிருந்து கைப்பிடி இல்லாமல் எழுந்திருப்பதும், தடுக்கினால் விழாமல் சமாளிப்பதும் தொடைத் தசையின் வேலை.

ஜிம் தேவையில்லை. நம் தாத்தா காலத்துப் பஸ்கியும் தண்டாலும் போதும், உடம்புக்கு ஏற்றபடி இலகுவாக்கினால். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்காருங்கள், பத்து முறை. சுவரில் கை ஊன்றித் தண்டால், பத்து முறை. தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள் போட்ட துணிப்பையை, சற்றே குனிந்து, முழங்கையை மடக்கி இடுப்பு வரை இழுங்கள், ஒவ்வொரு கையிலும் பத்து. சுவரைத் தொட்டபடி குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், பதினைந்து. ஒற்றைக் காலில் முப்பது விநாடி. இதையே இன்னொரு சுற்று. வாரத்தில் இரண்டு நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். சிரமம் போய்விட்டால் நாற்காலியின் உயரத்தைக் குறையுங்கள், பையின் எடையைக் கூட்டுங்கள், சுவரிலிருந்து மேசைக்கும் மேசையிலிருந்து தரைக்கும் இறங்குங்கள். ஏற்கெனவே இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நெஞ்சு இறுக்கமோ இடது கை வலியோ வந்தால் அங்கேயே நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள்.

‘நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறேனே, அது பயிற்சி ஆகாதா?’ அசைவுக் கணக்கில் நிச்சயம் சேரும். ஆனால் ஒரே குடத்தை ஒரே அளவுக்கு இருபது வருடம் தூக்கினால், தசை அந்த அளவோடு நின்றுவிடும். வலு கூட வேண்டுமென்றால் சுமையும் கூட வேண்டும்.

படி 4: தட்டை மாற்றுங்கள்

காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை. மூன்றும் அரிசிதான். நம் நாட்டில் சாப்பாட்டின் கலோரியில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று படி 2-ல் சொன்ன நாடு தழுவிய ஆய்வின் 2025-ம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. சோற்றை விடச் சொல்லவில்லை. இரண்டாவது முறை சோறு போடும் இடத்தில் பொரியலோ கூட்டோ போடுங்கள். சோற்றுக்குப் பதில் அதே அளவு சிறுதானியம் என்பதில் நார்ச்சத்து கூடும். ஆனாலும் அதுவும் மாவுச்சத்துதான், வயிறு முட்டச் சாப்பிட அனுமதி ஆகாது.

குறைவது புரதம். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7, 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20, ஒரு கைப்பிடி அளவான 30 கிராம் சோயா உருண்டையில் 15. சாம்பாரில் பருப்பு இருக்கிறது என்று ஆறுதல் கொள்வோம். கரண்டியில் வருவது பெரும்பாலும் தண்ணீரும் புளியும். கெட்டிப் பருப்பு, சுண்டல், பாசிப்பயறு, தயிர் என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்ஸர் எல்லாமே இந்தக் கணக்கில்தான். பீடி, சிகரெட், ஹான்ஸ் பழக்கம் இருந்தால் மற்ற எல்லாப் படிகளுக்கும் முன்னால் அதை விடுவதுதான் முதல் வேலை; 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் விடுவதற்கு உதவுகிறார்கள். குடிப்பழக்கத்துக்கும் அதே அளவுகோல்தான்.

படி 5: தூக்கம்

பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். படுக்கும் நேரத்தை விட எழும் நேரத்தை நிலையாக வைப்பது எளிது, அதிலிருந்து தொடங்குங்கள். போனை வேறு அறையில் சார்ஜ் போடுங்கள், அலாரத்துக்கு ஒரு சாதாரணக் கடிகாரம் வாங்குங்கள். காபி உடம்பில் பல மணி நேரம் தங்கும் என்பதால் மாலை நான்கு மணிக் காபியைப் பன்னிரண்டு மணிக்கு மாற்றிப் பாருங்கள். சத்தமான குறட்டையும், இடையில் மூச்சு நின்று திணறி எழுவதும், பகலில் வண்டி ஓட்டும்போதே கண் சொருகுவதும் சேர்ந்திருந்தால் அது மூச்சுத்தடை நோயாக இருக்கலாம். ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும் நோய் அது, சிகிச்சை உண்டு.

வீட்டுப் பெண்களுக்குத் தனியாக

எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுவது இன்னும் பல வீடுகளில் பழக்கம். மீன் துண்டும் முட்டையும் முதலில் தீர்ந்துவிடும். ரசமும் சோறும் மிஞ்சும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் அது ரத்தசோகை. ‘எனக்கு எப்பவும் சோர்வாகத்தான் இருக்கும்’ என்று அதை உங்கள் சுபாவமாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். மாதவிடாயில் அதிகம் போகிறது என்றால் காரணத்தைப் பார்க்க வேண்டும். இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு சேர்த்துப் போடாதீர்கள்.

முப்பது வயதுக்கு மேல் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே செய்கிறார்கள். சில நிமிட வேலை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, அதன் ஆரம்ப மாற்றத்தைக் கண்டு நீக்கிவிட முடியும். இவ்வளவு தெளிவாகத் தடுக்கக் கூடிய புற்றுநோய்கள் அதிகம் இல்லை. அக்கா, தங்கை, அண்ணி என்று இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போங்கள், கூச்சம் பாதியாகும்.

படி 1-ல் சொன்ன பணம் உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில், ஏடிஎம் கார்டு உங்கள் கையில் என்று இருக்கட்டும்.

படி 6: மனிதர்களைத் தக்க வைத்துக்கொள்ளுங்கள்

நாற்பதுக்கு மேல் புதிய நட்பு அரிதாகிறது; பழையது வாட்ஸ்அப்பில் காலை வணக்கப் படமாகச் சுருங்குகிறது. வாரம் ஒருவரை அழைத்துக் கால் மணி நேரம் பேசுங்கள், காரணமே இல்லாமல். வருடத்துக்கு இரண்டு முறையாவது ஒரு நண்பரை அவர் ஊருக்கே போய்ப் பாருங்கள். கல்யாண வீட்டில் பந்திக்கும் மேடைக்கும் நடுவே ஐந்து நிமிடம் பார்ப்பதைச் சந்திப்பாக எண்ண வேண்டாம்.

சொத்துப் பிரிப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் குடும்பங்களில் கூடப்பிறந்தவர்கள் பிரிவதற்குப் பெரிய காரணம் பாகப் பிரிவினை. வழக்கு பதினைந்து வருடம் ஓடும். அண்ணன் மகள் கல்யாணத்துக்குத் தம்பி போகமாட்டார். அப்பா அம்மா நல்ல நினைவோடு இருக்கும்போதே எல்லாரும் உட்கார்ந்து பேசி, எழுதி, பதிவு செய்துவிடுவது மிக நல்ல வழி. அந்தக் காலம் கடந்துவிட்டது என்றால், விட்டுக்கொடுக்கும் தொகை எவ்வளவு, உறவு எவ்வளவு என்று இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். உரிமையை எல்லாரும் எல்லா இடத்திலும் விட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். குறிப்பாகப் பெண்களிடம் ‘அண்ணனுக்கு எழுதிக் கொடுத்துவிடு’ என்று சொல்லும் அநியாயம் நிறைய நடக்கிறது. இரண்டு அடி நிலத்துக்காக நடக்கும் சண்டையைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, வாழ்வதே பாரம் என்று தோன்றினால் அது சிகிச்சை தேவைப்படும் நிலை. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

படி 7: ஒரே ஒரு திறமை

வருடத்துக்கு ஒன்று போதும். எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்பினால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இப்போதைய வேலை நாளைக்கே போனால் எது தெரிந்திருந்தால் நன்றாக இருக்கும்? யாரை நம்பியிருக்க வேண்டியிருப்பது என்னை மிகவும் கட்டிப்போடுகிறது? முதல் கேள்விக்கு எக்செல், கணக்கு வைத்தல், ஆங்கிலத்தில் மெயில் எழுதுதல் போன்ற பதில்கள் வரலாம். இரண்டாவதற்கு வண்டி ஓட்டுவது, வங்கி வேலையைத் தனியாக முடிப்பது, நீச்சல் என்று வரலாம். இரண்டாம் வகையைக் குறைவாக நினைக்காதீர்கள். ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்த நாளிலிருந்து வாழ்க்கை விரிந்த பெண்களை எல்லாருக்கும் தெரியும்.

வழிகள் இருக்கின்றன. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் தேர்வுக் கட்டணம். பத்தாவதோடு நின்றவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாவது எழுதலாம், வயது வரம்பு கிடையாது. அதன் பிறகு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வீட்டில் படிக்க இடமில்லை என்றால் சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகம். ‘மூன்றே மாதத்தில் லட்சம் சம்பாதிக்கலாம்’ என்று பெரும் தொகை கேட்கும் பயிற்சிகளைத் தவிர்த்துவிடுங்கள். இலவசப் பாடத்தை ஒரு மாதம் விடாமல் படித்த பிறகே எந்தக் கட்டணப் பயிற்சியையும் யோசியுங்கள்.

படி 8: ஒரு கெட்ட மாதம் எல்லாவற்றையும் அழிக்காமல் காப்பது

இந்தப் படிக்கான பணத்தை 5 சதவீதத்திலிருந்து எடுக்க வேண்டாம். இது குடும்பச் செலவு. முதலில் மூன்று மாதச் செலவுக்கான தொகை, பிறகு ஆறு மாதத்துக்கு, எளிதில் எடுக்கக் கூடிய வங்கிக் கணக்கிலோ வைப்புத்தொகையிலோ. நகைச் சீட்டு இதற்கு ஈடாகாது. அவசரத்துக்கு விற்றால் செய்கூலி, சேதாரம் திரும்பி வராது.

அடுத்தது மருத்துவக் காப்பீடு. ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை எடுக்காதவர்கள் உடனே எடுங்கள். மற்றவர்கள், கம்பெனி தரும் காப்பீடு இருந்தாலும் சொந்தமாக ஒன்று வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் வேலை போனால் கம்பெனிக் காப்பீடும் போய்விடும். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம் என்று 2024-ல் குறைத்திருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. விண்ணப்பத்தில் சர்க்கரை, அழுத்தம் எதையும் மறைக்காதீர்கள். ஏஜென்ட் ‘போடவேண்டாம் சார்’ என்று சொன்னாலும் நீங்களே எழுதுங்கள். மறைத்தால் கோரிக்கை மறுக்கப்படும்போது ஏஜென்ட் பக்கத்தில் இருக்கமாட்டார்.

உங்கள் வருமானத்தை நம்பி ஆட்கள் இருந்தால் ஆயுள் காப்பீட்டில் டெர்ம் பாலிசி, அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குத் தொகை தரும் பாலிசி. அது கட்டுப்படியாகாதவர்களுக்கு வங்கிக் கணக்கு வழியாகவே ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடும், 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடும் மத்திய அரசுத் திட்டங்களில் கிடைக்கின்றன. முதலாவதில் சேர 50 வயதுக்குள் இருக்க வேண்டும், இரண்டாவதற்கு 70.

எந்த மாதம் எது

எட்டுப் படிகளையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் மூன்றாவது வாரம் எல்லாமே நின்றுவிடும். முதல் மாதம் வரியை எழுதுவதும் அளப்பதும். இரண்டாம், மூன்றாம் மாதம் நடை மட்டும். அது பழகிய பிறகு தட்டு. ஐந்தாம் மாதம் வலுப்பயிற்சி. தூக்கம் இதற்கிடையில் தானாகவே ஓரளவு சீராகும். ஆகாவிட்டால் ஆறாம் மாதம் அதைக் கவனியுங்கள். காப்பீட்டை மட்டும் இந்த வரிசைக்காகக் காக்க வைக்காமல் முதல் மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். திறமையும் நண்பர்களும் அவரவர் வசதிப்படி. எச்சரிக்கைக் கட்டத்தில் இருந்தவர்கள் ஆறு மாதத்தில் மறுபடி சர்க்கரை பாருங்கள். மற்றவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, பிறந்தநாளை ஒட்டி வைத்துக்கொண்டால் மறக்காது.

ஒரு வாரம் விட்டுப்போனால் அடுத்த வாரம் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். ஊரில் திருவிழா, வீட்டில் காய்ச்சல், ஆபீஸில் மார்ச் மாதக் கணக்கு முடிப்பு என்று பத்து நாள் போவது இயல்பு. அந்த நாட்களுக்கென்று ஒரு குறைந்தபட்ச அளவை இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள்: பத்து நிமிட நடை, பத்துப் பஸ்கி.

கடைசியாகச் செய்ய வேண்டிய ஒரு வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் முடிந்துவிடும். பரிசோதனைத் தாள்கள், காப்பீட்டு அட்டை, பாலிசிகள், வங்கிக் கணக்கு விவரம், தினமும் போடும் மாத்திரைகளின் பட்டியல், ஒவ்வாமை இருந்தால் அந்த மருந்தின் பெயர், எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போடுங்கள். எல்லாக் கணக்குகளிலும் நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் தொடங்கிய கணக்குகளில் பெரும்பாலும் அப்பா பெயர்தான் இருக்கும். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்கில் நான்கு பேர் வரை நாமினி போடலாம். ஃபைலை எந்த அலமாரியில் வைத்திருக்கிறீர்கள் என்பதை வீட்டில் இன்னும் இரண்டு பேரிடம் சொல்லிவிடுங்கள்.